மூன்றாம் படிக்கு ஒரு சுழியம்

கெழு அக்கா. பிறப்பு 1961, இறப்பு 2021.

நச்சுவாயுவை அளக்கும் கைமீட்டர்களைச் செய்து விற்கும் பட்டறை ஒன்றில் அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். மீட்டரின் மேலுறை, பித்தான், மின்கலம் எல்லாம் மற்றவர்கள் பாடு. உள்ளே இருக்கும் கணக்கு அவர் பாடு. பல்லுறுப்புக் கோவையில் x-க்கு முன்னால் நிற்கும் எண்ணைப் பட்டறையில் எல்லாரும் ‘நம்பர்’ என்றார்கள். அவர் ஒருவர்தான் பள்ளியில் படித்தபடியே ‘கெழு’ என்பார்.

“நம்பர் வீட்டுக் கதவுல இருக்கு, பஸ்ல இருக்கு, செருப்புல கூட இருக்கு. இது கெழு. மரியாதையாச் சொல்லுங்க” என்று அவர் ஒருநாள் கடிந்துகொள்ள, பொருத்துப் பிரிவில் இருந்த ஃபிட்டர் கைகூப்பி, “சரிங்க கெழு அக்கா” என்றார். அன்று ஒட்டிய பெயர் பிறகு உரியவே இல்லை.

தாய் முன்பே போய்விட்டார். தகப்பனாரும் போனபோது அக்காவுக்கு இருபது வயது, தங்கைக்குப் பதினொன்று. தங்கையைப் படிக்க வைத்து ஆளாக்கும் வரை தம் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டார். தங்கை கரையேறியபோது, இவருக்குப் பேச்சு வருவது நின்றிருந்தது. அதற்காக அவர் மூக்கைச் சிந்தியதாக யாரும் சொல்லவில்லை. மாடியும் கீழும் உள்ள சிறிய வீடு. கீழே தங்கையும் தங்கை கணவரும், மேலே இவர். சமையல் மட்டும் ஒரே அடுப்பில்.

தங்கையின் கணவர் காகித ஆலையில் பராமரிப்புப் பிரிவு ஊழியர். கூழ்த்தொட்டிகளின் அடியில் சுழலும் துடுப்புகளில் நார் சிக்கிக்கொண்டால், தொட்டியை வடியவிட்டு, ஏணி வழியே இறங்கி அதை அறுத்தெடுப்பவர். ஒரு காலத்தில் குடித்தவர். மனைவி ஒருமுறை அழுகையை நிறுத்தாமல் அழுததைக் கண்டு, அன்றோடு விட்டவர். அக்கா அவரை ‘மாப்பிள்ளை’ என்றே கூப்பிடுவார். அந்த வீட்டில் சிரிப்பு வந்தது பெரும்பாலும் இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதால்தான்.

“என்னக்கா, இன்னைக்கு எத்தனை எக்ஸைப் பிடிச்சு வரிசையில நிக்க வெச்சீங்க?”

“எக்ஸ் எல்லாம் சொன்ன பேச்சு கேக்கும் மாப்பிள்ளை. குளிச்சிட்டுச் சாப்பிட வாங்கன்னா கேக்காத ஆளுதான் இந்த வீட்டுல இருக்கு.”

“நல்லாக் கேளுக்கா. கூழ் நாத்தத்தோட வந்து உக்காந்துட வேண்டியது” என்று தங்கை தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அக்காவின் வேலையை இங்கே சற்று விளக்க வேண்டும். நடந்தது அனைத்தும் அதற்குள் இருக்கிறது.

மீட்டருக்குள் இருக்கும் உணரி, வாயு பட்டதும் ஒரு மின்னழுத்தத்தைத் தரும். அதுதான் x. சுத்தமான காற்றில் அது சுழியம். சோதனை உருளையில் உள்ள வாயு முழுவதும் நிறைந்தால் அது ஒன்று. அந்த x-ஐ ஒரு கோவையில் இட்டு, சுழியம் முதல் நூறு வரையிலான ஓர் அளவாக மீட்டர் திரையில் காட்டும். இருபதைத் தொட்டால் அலறும். முப்பதுக்கு மேல் மனிதனுக்குக் கால் தளரும், ஏணி ஏற வராது. தொட்டியில் ஊறும் அந்த வாயு முதலில் நாறும்; சற்று நேரத்தில் மூக்கு மரத்துவிடும். ஆகவே இறங்குபவனுக்கு மூக்கு துணையில்லை. மார்பில் தொங்கும் மீட்டர்தான் துணை.

உணரியைச் செய்பவர்கள் அதற்கான கோவையைத் தங்கள் வசதிப்படி அடைப்புக்குறிகளும் பெருக்கல்களுமாக எழுதி அனுப்புவார்கள். மீட்டருக்கோ அந்தப் பாஷை தெரியாது. அதில் நான்கு பெட்டிகள் உண்டு; நான்காம் படி, மூன்றாம் படி, இரண்டாம் படி, முதற்படி என்று மேலிருந்து கீழாக நான்கு கெழுக்களை இட வேண்டும். எனவே வந்த கோவையை விரித்து, ஒரே படியுள்ள உறுப்புகளைத் திரட்டி, பெரிய படி முன்னும் சிறிய படி பின்னுமாகத் திட்ட வடிவத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் பல ஆண்டுகள் இதை அக்கா கையால் செய்தார். பிறகு குறியீட்டுக் கணித மென்பொருள் வந்தது. விரிக்க ஒரு கட்டளை, திரட்ட ஒரு கட்டளை, இறங்குவரிசையில் காட்ட ஒரு கட்டளை. அரை நாள் வேலை ஒரு மடக்குத் தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது. கணினி எழுதித் தந்த கோவையைப் பார்த்து அக்கா, “என் கையெழுத்தை விட நல்லா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அந்த மென்பொருளில் கெழுக்களை மட்டும் தனியே பட்டியலாகத் தரும் இன்னொரு கட்டளையும் உண்டு. ஆனால் அது கீழ்ப்படியிலிருந்து மேலாகத் தரும். பட்டறையில் ஒருவர் அதை அப்படியே பெட்டிகளில் இட்டு, கெழுக்கள் தலைகீழாகப் போய், முதலில் வந்த மாறிலி ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டதால் கடைசிக் கெழு வெளியே நின்று, சோதனையில் நூறு வராமல் ஒரு மாத வேலை வீணாயிற்று. அன்றுமுதல் அக்கா அந்தக் கட்டளையை யாரும் தொடக் கூடாது என்று விலக்கினார். திட்ட வடிவத்தைத் திரையில் வரவழைத்து, கண்ணால் பார்த்து, மேலிருந்து கீழாக எண்களை எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். தவறு நேராதிருக்க வைத்த சட்டம் அது.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் புதிய உணரி ஒன்று வந்தது. பின்னங்களை நீக்கி எளிய எண்களாகச் சொன்னால், அதன் கோவை இது: 10x(x + 1)(x² − x + 4) + 20x. அக்கா அதை மென்பொருளில் இட்டார். விரித்தால் மூன்றாம் படியில் ஒரு கூட்டலும் அதே அளவு ஒரு கழித்தலும் வரும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். திரையில் வந்தது 10x⁴ + 30x² + 60x. பத்து, முப்பது, அறுபது. அக்கா மேலிருந்து கீழாக மூன்று எண்களை மேலிருந்து கீழாக மூன்று பெட்டிகளில் இட்டார். நான்காவது பெட்டி வெறுமையாக நின்றது. சில உணரிகளுக்கு மூன்று பெட்டிகளே போதும் என்பதால் அந்த வெறுமை அவர் கண்ணை உறுத்தவில்லை.

கையால் எழுதிய நாளில் இப்படி நேர்ந்திருக்காது. இல்லாத படிக்கும் இடம் விட்டு, அங்கே சுழியம் இட்டுத்தான் அவர் எழுதுவார். பள்ளியில் நெடுவகுத்தலுக்காகப் பழகியது. மென்பொருள் சுழியத்தை எழுதாது. இல்லாததை எதற்குக் காட்ட வேண்டும் என்பது அதன் கொள்கை. பத்தாண்டுப் பழக்கத்தில் அக்காவின் கண்ணும் அந்தக் கொள்கைக்கு மாறியிருந்தது.

பிறகு வழக்கமான சோதனை. சுத்தக் காற்றில் மீட்டர் சுழியம் காட்டிற்று. சோதனை வாயுவில் நூறு காட்டிற்று. இரண்டும் அச்சாகப் பொருந்தின. பன்னிரண்டு மீட்டர்களில் அதே எண்கள் ஏறின. பன்னிரண்டும் காகித ஆலைக்குப் போயின.

“புது மீட்டர் எப்படி மாப்பிள்ளை?” என்று ஒருநாள் மாலை சாப்பிடும்போது அக்கா கேட்டார்.

“தங்கமான பிள்ளைக்கா. பழசு இருக்கே, தொட்டி மூடியைத் தொட்டாலே ஊரைக் கூட்டும். இது வாயே திறக்கிறதில்ல. நாலஞ்சு தடவை இறங்கிட்டேன், ‘ம்’னு கூடச் சொல்லல.”

“பழசு பயந்தாங்கொள்ளி. வயசானா அப்படித்தான்.”

“வயசானவங்களைப் பத்தி நீங்களே இப்படிப் பேசலாமாக்கா?”

தங்கை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஆனா பழசுக்கு விசுவாசம் ஜாஸ்தி” என்று மாப்பிள்ளை தொடர்ந்தார். “ஒரு தடவை அலற ஆரம்பிச்சிது. நாங்க பயந்து ஏறி ஓடிப்போய், அதை லாக்கர்ல போட்டுப் பூட்டிட்டு வந்துட்டோம். மறுநாள் காலையில போறோம், பூட்டுன லாக்கருக்குள்ள அப்பவும் அலறிக்கிட்டிருக்கு.”

“யாராவது பட்டனை அழுத்தி ‘பாத்துட்டேன்’னு சொல்ற வரைக்கும் அது நிறுத்தாது. பேட்டரியைக் கழட்டிப் போட்டாலும் விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும்.”

“உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க.”

மாப்பிள்ளைக்கு முதுகில் ஓர் அடி விழுந்தது. அந்த உரையாடலில், தொட்டியில் வாயு இருந்தும் மீட்டர் பேசவில்லை என்று ஒரு மனிதர் தம் வாயால் சொல்லியிருந்தார். கணக்கு தெரிந்தவர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். அவர் தம் கருவியைப் பாராட்டியதாகவே எடுத்துக்கொண்டார்.

2014 மார்ச் மாதம் ஒரு முற்பகலில் மாப்பிள்ளை தொட்டியின் அடியில் இறந்து கிடந்தார். ஏணியின் கடைசிப் பழுவில் ஒரு கையுறை மாட்டியிருந்தது. அடியில் முழங்கால் அளவுக்கும் குறைவாகவே கூழ்நீர் தேங்கியிருந்தது. முகம் அதற்குள் கவிழ்ந்திருந்தது. மூழ்கியதால் நேர்ந்த மரணம் என்று மருத்துவர் எழுதினார். மது அருந்தியிருந்தாரா என்று பார்க்க எடுத்த மாதிரியை யாரோ சரியாகப் பாதுகாக்கவில்லை. அதில் முடிவு சொல்ல இயலவில்லை என்றார்கள்.

மார்பில் இருந்த மீட்டர் அலறவில்லை. அன்று அது கண்ட உச்ச அளவைக் கேட்டபோது திரை பத்தொன்பது என்றது.

விசாரணை நடந்தது. இருபதுக்குக் கீழே என்றால் ஆபத்தில்லாத காற்று. ஆபத்தில்லாத காற்றில், முழங்கால் அளவு நீரில், நல்ல நிலையில் உள்ள ஓர் ஆள் ஏன் விழ வேண்டும்? பழைய பழக்கத்தை ஆலையில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. மீட்டருக்கு அளவு பொருத்தி அனுப்பியவர் என்ற முறையில் அக்காவை அழைத்தார்கள். விசாரணை அதிகாரி கேட்டார். அக்கா நின்றபடி சொன்னார். இரண்டு முனைகளிலும் சோதித்தேன், இரண்டிலும் சரியாக இருந்தது, இந்த மீட்டர் பத்தொன்பது என்றால் அது பத்தொன்பதுதான்.

வெளியே நடைக்கூடத்து மரப்பலகையில் தங்கை உட்கார்ந்திருந்தார்.

“அப்ப அவர் எப்படிக்கா விழுந்தாரு?”

அக்கா பக்கத்தில் அமர்ந்தார்.

“காலையில என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனாருக்கா. வெறும் தண்ணி. நான்தான் குடுத்தேன். நீயாவது சொல்லு.”

“மீட்டர் பொய் சொல்லாது பாப்பா” என்றார் அக்கா. “ஒருவேளை அங்க போனப்புறம், பழையபடி…”

தங்கை அவர் முகத்தை ஏதோ சின்ன எழுத்தைப் படிப்பவர் போலப் பார்த்தார். பிறகு எழுந்து தனியாக நடந்து போனார். அந்த வாரமே கீழ்வீட்டின் பின்னறையில் இன்னோர் அடுப்பு வந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தங்கை சுவரோடு ஒதுங்கி வழிவிடுவார், வேற்று மனிதருக்கு விடுவது போல. ‘குடித்துவிட்டு இறங்கினவன் பெண்டாட்டி’ என்று தெருவில் சொன்னவர்களோடெல்லாம் அவர் பேசினார், அக்காவோடுதான் பேசவில்லை.

ஐந்தாறு மாதங்கள் கழிந்தன. ஆகஸ்டில் ஒரு பகல். ஆண்டுச் சோதனைக்காக வேறோர் ஆலையிலிருந்து பழைய வகை மீட்டர் ஒன்று வந்திருந்தது. காகித ஆலையிலிருந்து புதிய வகை ஒன்று, உடைந்த கொக்கியை மாற்றுவதற்காக வந்திருந்தது. இரண்டு சோதனைக் கூண்டுகளில் ஒன்றின் குழாய் கிழிந்து போயிருந்தது.

“ரெண்டையும் ஒரே கூண்டுல போட்டுடவாக்கா? வேலை முடிஞ்சிடும்” என்றார் ஃபிட்டர்.

“போடுங்க. சண்டை போட்டுக்காம இருந்தாச் சரி.”

மிச்சமிருந்த குழாயும் பாதி அடைத்திருந்தது. வழக்கமாக வாயு ஒரே வீச்சில் நிறைந்து, திரை ஒரே தாவலில் நூறுக்குப் போய்விடும். அன்று அது மெல்ல மெல்லக் கசிந்து ஏறியது. ஃபிட்டர் குழாயைத் திட்டியபடி தட்டிக்கொண்டிருந்தார். அக்கா வேறு வேலை இல்லாமல் திரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை ஆண்டுகளில் மீட்டர் ஏறும் வழியை அவர் பார்த்ததே இல்லை. போய்ச் சேருமிடத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

பழையது பதின்மூன்றைக் காட்டியது. புதியது இரண்டு.

பழையது இருபதைத் தாண்டி அலறியது. புதியது ஆறு.

“இந்தப் புதுசுக்குத் தூக்கம் தெளியல போலிருக்கு” என்றார் ஃபிட்டர்.

பழையது முப்பத்தெட்டைக் காட்டியது. அப்போது புதியது காட்டிய எண்ணை அக்கா பார்த்தார். பத்தொன்பது.

பிறகு இரண்டும் ஏறி, ஏறி, நூறில் ஒன்றாய் வந்து நின்றன, ஒரு குற்றமும் அறியாதவை போல.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதிய மீட்டரைக் கணினியோடு இணைத்துப் பெட்டிகளைத் திறந்தார். பத்து. முப்பது. அறுபது. வெறுமை. முப்பது இரண்டாம் படியின் கெழு. அது மூன்றாம் படியின் பெட்டியில் இருந்தது. அறுபது முதற்படியின் கெழு. அது இரண்டாம் படியின் பெட்டியில் இருந்தது. x பாதியாக இருக்கும்போது மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். சரியான வரிசையில் முப்பத்தெட்டு. அவர் இட்ட வரிசையில் பத்தொன்பது. இரண்டாவது முறை போட வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, என்னாச்சு? தண்ணி கொண்டாரட்டுமா?”

“தண்ணி வேண்டாம். போன் எங்கே?”

காகித ஆலையின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் எடுத்தார்.

“உங்க ஆளுங்க யாராவது தொட்டியில இறங்கியிருக்காங்களா?”

“ரெண்டு பேர் உள்ள இருக்காங்கம்மா. ஏன்?”

“ஏறச் சொல்லுங்க. இப்பவே.”

“மீட்டர் ஒண்ணும் கத்தலையே.”

“அது கத்தாதுங்க. நான் போட்ட கெழு தப்பு. ஏறச் சொல்லிட்டு வந்து என்னைத் திட்டுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

தொலைபேசியைக் கீழே வைக்காமல் காதோடு அழுத்தியபடி நின்றார். தூரத்தில் காலடிகள், ஒரு கூப்பாடு, இரும்புப் பழுக்களில் பூட்ஸ் ஏறும் ஓசை. இருவரும் மேலே வந்தார்கள். ஒருவர் வாந்தியெடுத்தார் என்று மேற்பார்வையாளர் சொன்னார். காலையிலிருந்தே தலைவலி என்றாராம்.

பட்டறையின் மேலாளர் கெட்டவர் அல்லர். தம் அறைக்கதவைச் சாத்திவிட்டு, அக்காவை உட்காரச் சொல்லி, நிதானமாகத்தான் பேசினார்.

“பன்னெண்டு மீட்டரையும் சர்வீஸுன்னு சொல்லி வரவழைச்சிடலாம்மா. சத்தமில்லாம சரி பண்ணிடலாம்.”

“சத்தமில்லாம இருந்ததுதான் சார் பிரச்சினையே.”

“நான் சொல்றது புரியுதா? இனிமே யாருக்கும் ஆபத்து வராது. அதானே முக்கியம்? செத்தவர் எழுந்து வரப்போறாரா?”

“அவர் வரமாட்டாரு. ஆனா அவர் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு குடிகாரன் ஊருக்குள்ள உலாத்துறான் சார். அவனை உள்ள விட்டது நான். நான்தான் வெளிய அனுப்பணும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அனுப்பினா உங்களை இங்க வெச்சுக்க முடியாதும்மா” என்றார். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலை அவர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். தங்கை திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே அக்கா சொன்னார். உச்ச அளவு பத்தொன்பது இல்லை, முப்பத்தெட்டு. மீட்டர் அலறியிருக்க வேண்டும், அலறவில்லை. அவர் குடிக்கவில்லை. கால் தளர்ந்துதான் விழுந்தார். கெழுவைத் தப்பாக இட்டது நான்.

தங்கை கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“நான் சொன்னேன்ல” என்றார், மிக மெதுவாக. “வெறும் தண்ணின்னு சொன்னேன்ல.”

“சொன்னே பாப்பா.”

“ஊரே சொல்லிச்சு. ஊர் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நீ சொன்ன பாரு… அவர் உன்கிட்ட எவ்வளவு பேசியிருப்பாரு. என்னை விட உன்கிட்டதான் ஜாஸ்தி பேசுவாரு. ஒரு மெஷினை நம்புனியே, அவரை நம்பலையே.”

அக்கா வாசலிலிருந்து ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

“தப்பா ஒரு நம்பர் போட்டே. அது யாருக்கும் வரும். அதைக் கூட நான் மறந்துடுவேன்” என்றார் தங்கை. “இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. அன்னைக்கு எங்க நின்னு சொன்னியோ, அங்க போய் நின்னு சொல்லு.”

கதவு மூடிற்று. அறைந்து மூடவில்லை, மெல்லத்தான் மூடினார்.

அக்கா மறுநாளே போனார். அதே அறை, அதே அதிகாரி. முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஆரம்பத்துல சரி, முடிவுல சரி, நடுவுல மட்டும் தப்புன்னா அது எப்படிம்மா?”

“ஒண்ணை ஒண்ணால எத்தனை தடவை பெருக்கினாலும் ஒண்ணுதான் சார். சுழியத்தைப் பெருக்கினா சுழியம்தான். அந்த ரெண்டு இடத்துல மட்டும் எந்தக் கெழுவை எந்தப் படியில மாட்டினாலும் விடை மாறாது. நான் அந்த ரெண்டு இடத்துலதான் சோதிச்சேன்.”

“வேற எங்கயும் சோதிக்கலையா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“இருபது வருஷத்துக்கு மேல அந்த ரெண்டு இடத்துலதான் சோதிக்கிறோம். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.”

அதிகாரி தம் மேசையில் கிடந்த தாளில் தாமே பெருக்கிப் பார்த்தார். இரண்டுமுறை பார்த்தார். பிறகு பேனாவை மூடிவைத்து, பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

முடிவு திருத்தப்பட ஓராண்டுக்கு மேலாயிற்று. நச்சுவாயுவால் நிலைகுலைந்து விழுந்து நேர்ந்த மரணம், இறந்தவர்மேல் குற்றமில்லை. காகித ஆலையின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டினார்கள். சிலர் நின்று படித்தார்கள். பலர் முன்பே தீர்மானித்ததை மாற்றிக்கொள்ளச் சோம்பினார்கள். அக்காவின் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. வேறெங்கும் அவர் கேட்கவில்லை. தெருமுனைக் கடையில் துணி அளந்து வெட்டும் வேலை கொஞ்சகாலம் பார்த்தார். அங்கே ஒரே துணியை மூன்று முறை அளக்கிறார் என்று முதலாளி அலுத்துக்கொண்டார். வீட்டில் இரண்டு அடுப்புகளும் எரிந்தன. தங்கை இப்போது மாடிப்படியில் ஒதுங்குவதில்லை. “தண்ணி வருது”, “தபால் வந்திருக்கு” என்று சொல்வார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அக்காவும் கேட்டதில்லை.

வழக்கு எல்லாம் முடிந்த பிறகு, இறந்தவரின் உடைமைகள் என்று ஒரு பையைத் தங்கையிடம் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், ஒற்றைக் கையுறை, மீட்டர். தங்கை அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அக்காவின் அறைக்குள் அவர் கால் வைத்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீட்டரை மேசையில் வைத்தார். பித்தானை அழுத்திக் காட்டினார். உச்ச அளவு: பத்தொன்பது.

“இது இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கு” என்றார். “பேப்பர்ல மாத்துனாங்க. இதுல யாரும் மாத்தல. மாத்து.”

அந்த வகை மீட்டர் தன் நினைவில் வைத்திருப்பது எண்ணை அன்று, மின்னழுத்தத்தை. கேட்கும்போதெல்லாம் அதைக் கோவையில் இட்டுப் புதிதாகக் கணக்கிட்டுத்தான் காட்டும். அக்காவுக்கு அது தெரியும். அடுத்து என்ன நேரும் என்பதும் தெரியும்.

“பாப்பா, மாத்தினா அது…”

“மாத்துக்கா.”

அக்கா என்ற சொல்லைக் கேட்டு அவர் கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு பழைய கணினியைத் திறந்தார். கோவையை மென்பொருளில் இட்டு விரித்தார், திரட்டினார், இறங்குவரிசையில் வரவழைத்தார். திரையில் வந்ததை நம்பாமல், ஒரு தாளில் தம் கையால் மீண்டும் எழுதினார். 10x⁴ + 0x³ + 30x² + 60x. சுழியத்தின் மேல் பேனா இரண்டு சுற்று சுற்றியது. பிறகு நான்கு பெட்டிகளில் நான்கு கெழுக்களையும் ஒவ்வொன்றாக இட்டார். பத்து. சுழியம். முப்பது. அறுபது.

திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. உச்ச அளவு: முப்பத்தெட்டு. அந்த அளவை யாரும் இன்னும் பித்தானை அழுத்தி ‘பார்த்துவிட்டேன்’ என்று சொல்லாததால், பழைய வகையைப் போலவே மீட்டர் அலறத் தொடங்கியது.

சிறிய அறை, பெரிய சத்தம். எதிர்வீட்டுச் சன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் விரல் தன்னையறியாமல் பித்தானை நோக்கிப் போனது. தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கத்தட்டும்” என்றார்.

இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர் நடுவில் அலறிக்கொண்டிருந்தது, அது அலற வேண்டிய நாள் முடிந்து வெகுகாலம் ஆன பின்பு. தங்கை அழவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை; ஆனால் அந்தப் பிடியில் அன்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்தறிய அக்காவால் இயலவில்லை. வெளிச்சம் மங்கும் வேளையில் மின்கலம் தளர்ந்து, சத்தம் மெலிந்து, நின்றது. தங்கை மீட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே போனார். மின்கலத்தை அவர் பிறகு மாற்றவில்லை. இரண்டு அடுப்புகளும் கடைசிவரை இரண்டாகவே இருந்தன.

அதன்பின் கெழு அக்கா நான்கு ஆண்டுகள் இருந்தார். கணினியை அவர் மறுபடி திறக்கவில்லை. ஒரு கோவையைத் திட்ட வடிவத்தில் அவர் கடைசியாக எழுதியது 2017 நவம்பர் 9, வியாழக்கிழமை.